மணமகன் 'முணுமுகுனு்' ஆன கதை

2004-ல தஞ்சாவூர்ல ஒரு டிடிபி சென்டர்ல இருந்தேன். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. வேர்டு, பாமினி ஃபான்ட், அவ்வளவுதான் ஆயுதம். ஒரு பார்ட்டி வந்து, "எழுத்து மொட்டையா இருக்கே தம்பி, கொஞ்சம் ஜோடிச்சு விடுங்க"ன்னார். ஃபான்ட் பெட்டியைத் திறந்து ஷேடோ, அவுட்லைன்னு டிக் அடிச்சுக்கிட்டே வந்தவன், 'ஆல் கேப்ஸ்'லயும் ஒண்ணு போட்டுட்டேன். 'மணமகன்' இருந்த இடத்துல 'முணுமுகுனு்'னு நிக்குது!

பாமினி, தமிழ் வேஷம் கட்டின இங்கிலீஷ். சின்ன 'கே' தட்டினா ம, பெரிய 'கே' தட்டினா மு. சின்ன 'எஃப்' க, பெரிய 'எஃப்' கு. எல்லாத்தையும் கேபிடல் ஆக்குன்னா, வேர்டு பாட்டுக்கு வரிசையா உகரம் ஏத்திடும்.

இதாவது பார்த்ததும் தெரிஞ்சுடும். ஆட்டோகரெக்ட் அப்படியில்ல. வாக்கியத்தோட முதல் எழுத்தை மட்டும் சத்தமில்லாம கேபிடலா மாத்தும். 'மணமகள்' 'முணமகள்' ஆனது என் கண்ணுக்கும் தப்பி, முதலாளி கண்ணுக்கும் தப்பி, 300 பத்திரிகை அடிச்சு முடிச்சாச்சு. பொண்ணோட அப்பா ஒரு கார்டைத் தூக்கிப் பிடிச்சு, "எம் பொண்ணு முணுமுணுக்கிறவதான். அதுக்காகப் பத்திரிகையிலயா போடுவீங்க?"ன்னார். அட்டைக் காசு என் சம்பளத்துல போச்சு. மறுநாள் கடை திறந்ததும் டூல்ஸ் மெனுவுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துட்டுத்தான் டீயே குடிச்சேன்.

———

அண்ணா, உங்க கதையில உகரம்னா என் கதையில கொம்பு. கும்பாபிஷேக மலர் ஒண்ணு. முதல் கட்டுரை 'கோபுரம்'னு ஆரம்பிக்கும். முதல் எழுத்தைப் பெருசாக்கலாம்னு 'டிராப் கேப்' போட்டேன். பாமினியில இரட்டைச் சுழிக் கொம்பைத்தானே முதல்ல தட்டணும்? வேர்டுக்கு அதுதான் முதல் எழுத்து. கொம்பு மட்டும் மூணு வரி உசரத்துல தனியா நிக்க, 'காபுரம்' பக்கத்துல பொடியா ஒட்டிக்கிட்டிருக்கு. எட்டிப் பார்த்த தர்மகர்த்தா, "தும்பிக்கை படமா? நல்லாத்தான் இருக்கு"ன்னார். அவர் போனதும் அந்தப் பெட்டிக்குள்ள க-வையும் காலையும் தட்டிச் சேர்த்தேன்.

———

எங்க வீட்டுக் கதையில ஃபான்ட் மேல தப்பே இல்ல. தாத்தா தவறினப்போ 'கண்ணீர் அஞ்சலி' அடிக்கக் கொடுத்தோம். கடைப் பையன் தலைப்பை வேர்ட்ஆர்ட்ல, அதான் வேர்டோட அலங்கார எழுத்துல, போட்டிருக்கான். பழைய வேர்டுல மொத்தம் 30 ஸ்டைல் இருக்கும். அவன் கைக்கு வானவில் கலர்தான் சிக்கியிருக்கு, அதுவும் வளைஞ்சு! மாத்த நேரமில்ல, தெருமுனையில ஒட்டிட்டோம். பக்கத்துத் தெருக்காரர் தூரத்துல இருந்து பார்த்துட்டு, வீட்டு வாசல்ல வந்து சிரிச்ச முகமா கேட்கிறார்: "என்ன விசேஷம்?"