லினக்ஸில் பாஸ், விண்டோஸில் தொங்குகிறது: சைல்ட் பிராசஸ் டெஸ்ட்

கேள்வி:
பைத்தான் சப்பிராசஸ் (பைத்தானிலிருந்து வேறொரு புரோகிராமைக் கிளப்பும் வசதி) கோடுக்கு ஒரு டெஸ்ட். கிளப்புவது பேரண்ட், கிளம்புவது சைல்ட். சைல்ட் 20,000 பைட் ஸ்டாண்டர்ட் அவுட்டில் எழுதும். பேரண்ட் முதலில் வெயிட் செய்து, பிறகு ரீட் செய்யும். லினக்ஸில் உடனே முடிகிறது, விண்டோஸில் அப்படியே நிற்கிறது. விண்டோஸுக்கு மட்டும் ஸ்கிப் போட்டுவிடலாமா?

பதில் 1:
ஸ்கிப் போடாதீர்கள், தப்பு உங்கள் கோடில்தான். சைல்ட் எழுதுவது பேரண்டுக்குப் போகும் வழிதான் பைப். லினக்ஸ் பைப் வழக்கமாக 65,536 பைட் பிடிக்கும். 20,000 அதில் அடங்கிவிடுவதால் தப்பிக்கிறீர்கள். விண்டோஸில் பைத்தான் பைப்பின் அளவாக 0 கொடுக்கிறது, சிஸ்டம் தரும் டீஃபால்ட் 20,000-ஐவிடச் சின்னது. அது நிரம்பியதும் சைல்ட் எழுத முடியாமல் நிற்கும், பேரண்டோ சைல்ட் முடியட்டும் என்று காத்திருக்கும். சந்தேகமிருந்தால் லினக்ஸிலேயே 2,00,000 பைட் எழுத வையுங்கள், அங்கும் தொங்கும்.

வெயிட்டை எடுத்துவிட்டு கம்யூனிகேட் போடுங்கள், அது படித்துக்கொண்டே காத்திருக்கும். டெஸ்டில் ஸ்டாண்டர்ட் அவுட், ஸ்டாண்டர்ட் எரர் இரண்டிலும் 1 எம்பி எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் படிக்கிற கோடு அப்போதுதான் மாட்டும்.

பதில் 2:
டைம்அவுட் கொடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஷெல் வழியாக ஓட்டினால் கில் ஆவது ஷெல் மட்டுமே. அது கிளப்பிய பேரப்பிள்ளை பிராசஸ் பைப்பின் எழுதும் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ஃபைல் முடிவு வராது. ரன் ஃபங்ஷன் விண்டோஸில் கில் செய்த பிறகு மறுபடி கம்யூனிகேட் செய்வதால், 5 நொடி டைம்அவுட் என்று கொடுத்தாலும் பேரப்பிள்ளை சாகும்வரை திரும்பாது. லினக்ஸில் வெறும் வெயிட்தான், அதனால் திரும்பிவிடும், ஆனால் பேரப்பிள்ளை அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் புது செஷனில் கிளப்பி பிராசஸ் குரூப்பையே கொல்லுங்கள், விண்டோஸில் ஜாப் ஆப்ஜெக்ட் (பல பிராசஸ்களை ஒன்றாகக் கட்டி ஒரே அடியாகக் கொல்லும் வசதி) பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
கம்யூனிகேட் போட்டதும் தொங்கவில்லை, நன்றி. ஆனால் டெர்மினேட் செய்தபின் ரிட்டர்ன் கோடு லினக்ஸில் -15, விண்டோஸில் 1. பைட் எண்ணிக்கையும் இடிக்கிறது.

பதில் 3:
லினக்ஸில் -15 என்றால் 15ஆம் எண் சிக்னல் (பிராசஸுக்கு சிஸ்டம் அனுப்பும் அறிவிப்பு) கொன்றது என்று பொருள். விண்டோஸில் லினக்ஸ் மாதிரி சிக்னல் கிடையாது. டெர்மினேட் என்பது 1 என்ற எக்ஸிட் கோடோடு நேராகக் கொல்வது. சைல்ட் தானாகவே 1 கொடுத்து வெளியேறினாலும் அதே 1தான். ஆகவே சைல்ட் தன் சொந்தப் பிழைக்கு 1 அல்லாமல் 42 மாதிரி ஏதாவது கொடுக்கட்டும்.

பைட் இடிப்பதற்குக் காரணம் பிரிண்ட். விண்டோஸில் அது வரி முடிவை இரண்டு பைட்டாக எழுதுவதால் வரிக்கு ஒரு பைட் கூடும், 1,000 வரிக்கு 1,000. பிரிண்டை விட்டு ஸ்டாண்டர்ட் அவுட்டின் பஃபரில் நேராக பைட்டாக எழுதுங்கள்.

இன்னொன்று: படிக்கும் முனை மூடிய பைப்பில் எழுதினால் லினக்ஸில் புரோக்கன் பைப் எரர் வரும், விண்டோஸில் எண் 22 கொண்ட ஓஎஸ் எரராகவும் வரலாம். இரண்டையும் பிடியுங்கள். கேட், ஸ்லீப் மாதிரி லினக்ஸ் கட்டளைகள் எல்லாம் விண்டோஸில் இருக்கும் என்று நம்பாமல், டெஸ்டை ஓட்டும் அதே பைத்தானையே சைல்டாகவும் கிளப்புங்கள்.