கடன் வாங்கிக் கழித்தல்: வேறு சொல் தேவை

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை தரம் 3 பயிற்சித்தாள் அச்சுக்குப் போகிறது. ‘இடப்பெறுமானம்’ பிரச்சினையில்லை (தமிழ்நாட்டார் ‘இடமதிப்பு’ என்பார்கள், இருக்கட்டும்). சிக்கல் ‘கடன் வாங்கிக் கழித்தல்’. 42இலிருந்து 17ஐக் கழிக்க, பத்துப் பத்தாய்க் கட்டிய ஈர்க்குக் கட்டு நாலு, உதிரி ரெண்டு வைத்தேன். ஒரு கட்டின் றப்பரைக் கழற்றினால் மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும். நான் ‘கடன்’ என்றதும் ஒரு பிள்ளை, “ரீச்சர், எப்ப திருப்பிக் குடுக்கிறது?” என்றாள். வட்டி கட்டும் வீட்டுப் பிள்ளை. உண்மையில் இங்கே யாரும் கடன் வாங்கவில்லையே!

முள்ளியவளையிலிருந்து:
‘கட்டவிழ்த்தல்.’ முகை அவிழும், கூந்தல் அவிழும், வெந்த சோற்றுப் பருக்கைக்கும் ‘அவிழ்’ என்றே பெயர். இறுகிக் கிடந்த அரிசி நெகிழ்ந்ததால் வந்தது என்பது என் துணிபு. பத்தும் அப்படித்தான் நெகிழ்கிறது.

வவுனியாவிலிருந்து:
ஐயா, பேப்பரில் கட்டவிழ்த்து விடப்படுவது வன்முறை மட்டும்தான். ‘மாற்றல்’ போதும். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்துப் பத்தாய் மாத்தித் தரச்சொல்லிப் பிள்ளைகள் தினமும் கடைக்குப் போகிறார்கள்.

கிளிநொச்சியிலிருந்து:
தாளுக்குள் பத்து நாணயம் தெரியாதே அண்ணை. ஈர்க்குக் கட்டில் பத்தும் கண்முன்னே கிடக்கும். காசு அதற்குப் பிறகு.

மல்லாவியிலிருந்து:
கட்டுக்கு ‘உப்பட்டி’ என்று பெயர் வைத்தால் என்ன? நெல் அரிவு வெட்டிய காலத்துச் சொல். இப்போது மெசின் வெட்டுவதால் பிள்ளைகளுக்குத் தெரியாது, சரி. இன்னொன்று: பழந்தமிழில் 42ஐ ௪௰௨ என்று எழுதினார்கள். பத்துக்கு ௰ என்று தனிக்குறி, கட்டு எழுத்திலேயே நின்றது. இன்றைய 42இல் அதை இடம் மட்டுமே சொல்கிறது, அதனால்தான் பிள்ளை தடுமாறுகிறது. தொண்ணூறு வேறு, பெயரில் நூறை வைத்துக்கொண்டு பத்துகளில் நிற்கிறது! தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் அதற்கு விதி சொல்லியிருக்கிறார், விரிவாக எழுதட்டா?

வவுனியாவிலிருந்து:
வேண்டாம். வெள்ளிக்கிழமை.

கிளிநொச்சியிலிருந்து:
‘கட்டுப் பிரித்தல்’ என்று போடுகிறேன். ப் மிகும்தானே?

மல்லாவியிலிருந்து:
மிகும். கட்டு வன்றொடர், வல்லின ஒற்றுக்குப் பின் உகரத்தில் முடிகிறது.

முள்ளியவளையிலிருந்து:
ஒற்றைப் பார்த்தீர்கள், பொருளைப் பார்க்கவில்லை. வகுத்தலைச் சொல்லும்போது ‘சமமாகப் பிரி’ என்பீர்கள். அடுத்த தவணை இரண்டும் குழம்பும். என் வாக்கு அவிழ்த்தலுக்கே.

வவுனியாவிலிருந்து:
எனக்கு மாற்றல்தான். ஆனால் இந்த முறை பிரித்தலுக்குத் தலையாட்டுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து:
தாள் போய்விட்டது. இன்று வகுப்பில் ஒருவரும் ‘பிரித்தல்’ என்று சொல்லவில்லை. “ரீச்சர், றப்பரைக் கழட்டட்டோ?” என்றுதான் கேட்கிறார்கள்.

முள்ளியவளையிலிருந்து:
கழட்டு அல்ல, கழற்று.