பானைத் தண்ணீர் குளிரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கரூர்ப் பேத்தி:
கத்திரி தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். ஃபிரிட்ஜ் தண்ணீர் மகனுக்குத் தொண்டையைக் கட்டிவிடுகிறது என்று மண்பானை வாங்கினேன். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து, குழாய் வைத்தது. சென்னையில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில், ஸ்டீல் ஸ்டாண்டில் இருக்கிறது. நாலு நாளாகியும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கரூரில் அம்மாயி வீட்டுப் பானையில் ஒரு சொம்பு மொண்டு குடித்தால், பல் கூசாமல் நெஞ்சு வரைக்கும் குளிரும். உள்ளே வெட்டிவேர் முடிச்சு கிடக்கும், அந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

மண்வாசனை:
பெயின்ட்தான் காரணம். பானை கசிய வேண்டும். மண்ணின் நுண்துளை வழியாக வெளியே வரும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. கிட்டத்தட்ட 58 கிராம் தண்ணீரை 10 டிகிரி குளிர வைக்க அதுவே போதும். துளையை அடைத்துவிட்டால் அது பிளாஸ்டிக் குடம் மாதிரிதான். பெயின்ட் அடிக்காத பானை வாங்குங்கள்.

கடலோரத்தான்:
இன்னொன்றும் உண்டு. கரூர்ப் பக்கம் வறண்ட காற்று, ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். சென்னையில் கடல்காற்றிலேயே ஈரம் நிறைய, அதனால் அந்த அளவுக்குக் குளிராது. அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து, வெயில் படாத, காற்றோட்டமான ஜன்னலோரம் வையுங்கள்.

மோர்ப்பானை:
புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையம்மா. முதல் இரண்டு நாள் தண்ணீரில் மண்வாடை வரும், அதைச் செடிக்கு ஊற்றிவிடு. சோப்பு மட்டும் போடாதே, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். அடியில் மணல் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திரு. வெயிலில் அலைந்து வரும் பிள்ளைக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்காமல், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, உப்பு சேர்த்து நீர்மோர் கொடு. வேர்வையில் போன உப்பு திரும்ப வேண்டுமே.

கரூர்ப் பேத்தி:
எல்லோருக்கும் நன்றி. பெயின்ட் இல்லாத பானை வாங்கி, ஊறவைத்து, ஜன்னலோரம் மணல் தட்டில் வைத்து ஐந்து நாளாகிறது. பானை மேல் முத்து முத்தாக வேர்க்கிறது. கரூர்க் குளிர்ச்சி இல்லைதான், ஆனால் மகன் ஃபிரிட்ஜைத் திறப்பதில்லை. அம்மாயி சாயங்காலம் தவறாமல் அந்த மணலில் தண்ணீர் தெளிப்பார், கேழ்வரகும் தூவி வைப்பார். அந்தப் பயிருக்காகத்தான் தெளிக்கிறார் என்று அப்போது நினைத்திருந்தேன். இதைச் சொன்னதும் மகன் ஒரு பிடி வெந்தயத்தைத் தூவிவிட்டான். இன்று காலையில் முளை விட்டிருக்கிறது.