நடிப்பு விசாரணையை வைத்து ராணுவ விசாரணையை எடைபோட முடியுமா?

கவின்:
உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ராணுவ விசாரணையில் எந்த முறை பலன் தருகிறது என்று ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்த ஆய்வுகளை செமினாருக்கு எடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் விடமாட்டேன் என்கிறது. மாணவனை உட்காரவைத்து "நீதான் கைதி" என்றால் அவனுக்கு என்ன பயம் வரும்? முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவானே?

மீனாட்சி:
தம்பி, நிஜக் கைதி பத்து விஷயம் சொன்னால், இன்னும் எத்தனை மறைத்தான் என்று யாருக்குத் தெரியும்? ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு என்னென்ன தெரியும் என்ற முழுப் பட்டியலும் நம் கையில் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம்.

ஹான்ஸ் ஷார்ஃபைப் படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஓபருர்செலில், பிடிபட்ட அமெரிக்க விமானிகளை விசாரித்த ஜெர்மானியர். அடிக்கமாட்டார். எல்லாம் தெரிந்தவர்போல நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் கிரான்ஹாக்கின் குழு இந்த முறையைச் சோதித்தது. பங்கேற்பவரிடம் ஒரு தாக்குதல் திட்டத்தின் விவரங்களைக் கொடுத்து, கொஞ்சம் சொல், எல்லாவற்றையும் கொட்டிவிடாதே என்றார்கள். நேரடிக் கேள்விகளைவிட ஷார்ஃப் வழியில் புதிய தகவல் அதிகம் வந்தது. ஆனால் பேசியவர்கள், தாங்கள் குறைவாகத்தான் சொன்னோம் என்று நம்பினார்கள்.

எங்கள் வகுப்பிலும் செய்து பார்த்தோம். 20 விவரம் எழுதிய தாள் என் தோழி கையில். "லாரி நாலு மணிக்கு வரும், அது தெரிந்ததுதான்" என்றேன். "நாலு இல்லை, ஆறு" என்று சட்டென்று திருத்தினாள். பிறகு, நேரத்தைச் சொல்லவே இல்லை என்று சாதித்தாள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது.

பாஸ்கரன்:
பயமே இல்லை என்று எல்லா ஆய்வையும் சொல்லிவிட முடியாது. எதிரியிடம் பிடிபட்டால் எப்படிச் சமாளிப்பது என்று அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குப் பயிற்சி தரும் போலிப் போர்க்கைதி முகாமில், மனநல மருத்துவர் சார்லஸ் மார்கனின் குழு 500க்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்தது, 2004இல் வெளியானது. சாப்பாடு, தூக்கம் இல்லாமல் இருந்தவர்கள். தன்னை விசாரித்தவரை, மறுநாள் வரிசையாக நிறுத்திய ஆட்களிலிருந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். உடல்ரீதியாக மிரட்டப்பட்டபோது சரியாகக் காட்டியவர்கள் சுமார் 30 சதவீதம், மிரட்டாதபோது 62. அரை மணிக்குமேல் எதிரே நின்ற முகம் அது! மிரட்டிக் கேட்பவன், தனக்கு வேண்டிய ஞாபகத்தையே கெடுத்துவிடுகிறான்.

கவின்:
நன்றி அக்கா, அண்ணா. ஆனால் கொள்கைக்காக வாய் திறக்காதவனை எப்படி நடிக்க வைப்பது?

மீனாட்சி:
முடியாது தம்பி. தாளில் எழுதித் தந்த ரகசியத்துக்காக யாரும் உயிரைக் கொடுக்கமாட்டார்கள். அதை முதல் ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள்.