குஸ்கோவில் நாலு நாள் சும்மா இருந்தா காசு வீணா?

ஆயர் ஈத்தாம் தங்கச்சி:
வணக்கம். வர்ற ஜூலையில நானும் அம்மாவும் பெரு போறோம். அம்மாவுக்கு 62 வயசு. பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க, மத்தபடி தினமும் ஒரு மணி நேரம் நடப்பாங்க. லீமாவில இறங்கி மறுநாளே மலை மேல இருக்கிற குஸ்கோவுக்கு ஃப்ளைட். அங்க ஆறு ராத்திரி. அதில நாலு நாளை ஒன்னும் வைக்காம ஓய்வுக்குன்னு விட்டிருக்கேன். அண்ணன் திட்டுறான். "அவ்வளவு தூரம் காசு கட்டிப் போய் ரூம்ல படுக்கவா? வானவில் மலைக்காவது போயிட்டு வாங்க"ன்னு. போனவங்க சொல்லுங்க, நாலு நாள் அதிகமா?

பட்டர்வொர்த் அக்கா:
அதிகமே இல்லம்மா. ஆனா அந்த நாலு நாளை முன்னாடி வைக்காதீங்க, பின்னாடி வைங்க.

நான் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ. 2018ல தங்கச்சியோட போனேன். லீமா கடலோரம், குஸ்கோ 3,400 மீட்டர். நம்ம பினாங்குக் கொடிமலை 833தான், அதைப்போல நாலு மடங்கு. அந்த உயரத்துக்கு ஒன்னரை மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய் இறக்கிடுவாங்க. மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் இங்க இருக்கிறதில மூணில ரெண்டு பங்குதான். முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல, தலை விண்விண்ணுன்னு தெறிச்சது. படிக்கட்டுல நாலு படி ஏறி நின்னேன்.

அதனால ஏர்போர்ட்ல இறங்கின கையோட வண்டி பிடிச்சு ஒயாந்தைதாம்போவுக்குப் போயிடுங்க. அது சுமார் 2,800 மீட்டர். ரெண்டு ராத்திரி அங்க தங்குங்க. அங்கிருந்தே ரயில்ல மாச்சு பிச்சு போகலாம், அது இன்னும் கீழே, 2,430தான். அப்புறம் குஸ்கோவுக்கு ஏறி வந்தா உடம்பு ஓரளவு பழகியிருக்கும், ஓய்வு ஓய்வா இருக்கும்.

வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல. அம்மாவை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க.

இனி அந்த நாலு நாள். நம்ம ஜார்ஜ் டவுனுக்கு வர்றவங்களைப் பாத்திருப்பீங்க. ஆர்மீனியன் தெருவில சைக்கிள் பிள்ளைங்க சுவரோவியத்து முன்னாடி படம் எடுத்துட்டு மதியத்துக்குள்ள கிளம்பிடுவாங்க. குவீன் தெரு மாரியம்மன் கோயில் காலை மணிச்சத்தம் அவங்களுக்குத் தெரியாமலே போயிடும். குஸ்கோவையும் பாதிப் பேர் அப்படித்தான் பாக்குறாங்க. எனக்கு அது மனசு கேக்கல.

கொரிகாஞ்சாவுக்கு ஒரு காலைப்பொழுதை முழுசா கொடுங்க. ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடி அங்க ஆண்ட இன்கா அரசர்களோட சூரியன் கோயில். ஸ்பானியர்கள் அதை இடிச்சு அதன்மேலயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினாங்க. 1650லயும் 1950லயும் பூகம்பம் வந்து மடம் ரொம்பச் சிதைஞ்சது. அடியில இருந்த இன்கா சுவர் நின்னுச்சு. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாம கல்லோட கல் பொருந்தி, உள்பக்கமா லேசா சாய்ஞ்சு நிக்கிற சுவர். வெளியில வளைஞ்சு போற பக்கத்தைப் பாத்துட்டு நான் ஒரு மணி நேரம் நகரல. என் தாத்தா தோட்டத்துக் கோயிலுக்குக் கல் சுமந்தவர். அவரைத்தான் நினைச்சேன்.

சான் பெத்ரோ சந்தையில பழச்சாறு கடை அக்காக்கள் வரிசையா இருப்பாங்க. உருளைக்கிழங்கைப் பாருங்க, கறுப்பு, ஊதா, சிவப்புன்னு அத்தனை வகை. ‘சூனியோ’ன்னு ஒன்னு இருக்கும். ராத்திரிப் பனியில உறைய விட்டு, காலால மிதிச்சுத் தண்ணியை எடுத்து, வெயில்ல காயவைச்ச கிழங்கு, நம்ம வத்தல் மாதிரி. அம்மாவுக்குப் பிடிக்கும். உறைப்பு வேணும்னா ரொக்கோட்டோ மிளகாய்த் துவையல் கேளுங்க.

சான் பிளாஸ்னு மேட்டுல ஒரு பகுதி இருக்கு, அங்க ஏறும்போது டாக்ஸி, இறங்கும்போது நடை. ஜூலையில பகல் நல்ல வெயில், ராத்திரி விறைக்கிற குளிர்.

செராஸ் தம்பி:
நான் லீமாவிலிருந்து நேரா போய் மூணாம் நாளே மலை ஏறினேன், ஒன்னும் ஆகல. ஜிம் போறவங்களுக்குப் பிரச்சினை இல்லன்னு நினைக்கிறேன். ஒரு முக்கியமான விஷயம்: எல்லா ஓட்டல்லயும் கோக்கா இலைத் தேநீர் வைப்பாங்க. அங்க சட்டப்படி சரி. ஆனா ஒரு பாக்கெட் கூட பையில போட்டுக்கிட்டு வராதீங்க. கொக்கெய்ன் எடுக்கிற இலை அது, இங்க மலேசியாவில 1952 அபாயகர போதைப்பொருள் சட்டத்தில அந்த இலையே இருக்கு. அதைக் குடிச்சா சிறுநீர்ச் சோதனையிலயும் காட்டும்.

பட்டர்வொர்த் அக்கா:
கோக்கா விஷயம் ரொம்பச் சரி தம்பி. ஆனா உடற்பயிற்சி பண்ற உடம்பையும் உயரம் விடாது, பழக நாள்தான் வேணும். தங்கச்சி, உயரத்தால வர்ற தலைவலி, மயக்கத்தைத் தடுக்கக் கொடுக்கிற அசிட்டசோலமைடு மாத்திரை பத்தி அம்மாவோட டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. அதுவும் சிறுநீர் பிரிய வைக்கிற மருந்து, பிரஷர் மாத்திரையோட ஒத்துப்போகணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நடை தள்ளாடினா, பேச்சு குழறினா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே கீழே இறக்கி ஆஸ்பத்திரி பாருங்க.

ஆயர் ஈத்தாம் தங்கச்சி:
ரொம்ப நன்றிக்கா. ஒயாந்தைதாம்போவில ரெண்டு ராத்திரி மாத்திட்டேன், குஸ்கோ கடைசி நாலு. டாக்டரை வர்ற செவ்வாய்க்கிழமை பாக்குறோம். அண்ணனுக்கு உங்க பதிலை அப்படியே அனுப்பினேன், "சரி, வானவில் மலை வேணாம்"னு ஒரு வரி வந்துச்சு. அம்மா இப்பவே சுக்குப்பொடி இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.