பண்டைச் சீனத்தின் ஷாங், சோவ் அரசர்களின் காலத்தைக் கிரகணங்கள் சொல்லுமா?

விண்ணோக்கி:
சோவ் அரசர் வூ, ஷாங் அரசை வீழ்த்தியது கி.மு. 1046 என்று சீனக் காலவரிசைத் திட்டம் அறிவித்ததை நான் முழுமையாக ஏற்கிறேன். பின்னாளைய சோவ் அரசர் யீயின் முதல் ஆண்டில் "செங் ஊரில் இருமுறை விடிந்தது" என்கின்றன மூங்கில் ஏடுகள், அதாவது மூங்கில் பட்டைகளில் எழுதிய பழைய சீன வரலாற்றுக் குறிப்புகள். அது கி.மு. 899 ஏப்ரல் 21 அதிகாலைச் சூரிய கிரகணம். 1997-இல் ஷின்ஜியாங்கில் விடியல் நேரக் கிரகணத்தை நேரில் பார்த்து, இருமுறை விடிவதுபோல் தோன்றுமா என்றும் சோதித்தார்கள். இன்னும் என்ன சான்று வேண்டும்?

ஏட்டுப்புழு:
அவை கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கல்லறைக் கொள்ளையர் கையில் சிக்கிய ஏடுகள். மூலமும் தொலைந்துவிட்டது. அந்த வரியில் கிரகணம் என்ற பேச்சே இல்லை. தவிர, பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்துவருவதால் அக்காலக் கணக்கில் சுமார் ஆறு மணி நேரம் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தம் சற்றே பிசகினாலும் கிரகணம் செங்கின் விடியலை விட்டு நழுவிவிடும். பழைய கிரகணங்களை வைத்துத்தான் அந்தத் திருத்தத்தையே கண்டுபிடிக்கிறார்கள். இந்தக் கிரகணத்தையும் அதில் சேர்த்துவிட்டு, பிறகு அதையே சான்றாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

மூன்றாம்பிறை:
இருவருமே ஷாங் தலைநகர் ஆன்யாங்கில் கிடைத்த, குறி கேட்டுப் பொறித்த எலும்புகளை விட்டுவிட்டீர்கள்! லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஓர் எலும்பு இருக்கிறது. வரும் பத்து நாளில் தீங்கு உண்டா என்று குறி கேட்டிருக்கிறார்கள். ஏழாம் நாள் இரவு நிலவைக் கிரகணம் பிடித்தது என்று பின்பு பொறித்திருக்கிறார்கள். நமக்கு பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுச் சுற்று இருப்பதுபோல், அவர்களுக்கு 60 நாள் சுற்று. அந்த நாட்பெயரோடு பொருந்துவது கி.மு. 1192 டிசம்பர் 27. ஷாங் அரசர் வூ டிங் காலத்திலேயே செதுக்கியது, யாரும் படியெடுத்ததல்ல.

விண்ணோக்கி:
அப்படியானால் வானம் சான்றுதானே, ஏட்டுப்புழு ஐயா?

ஏட்டுப்புழு:
எலும்பை மறுக்கவில்லை. ஆனால் 1192-இலிருந்து 1046-க்கு எப்படித் தாவுவீர்கள்? 1976-இல் லின்டோங்கில் கிடைத்த வெண்கலக் கலம், வூ ஷாங்கை வென்ற போர் நடந்தது 60 நாள் சுற்றின் முதல் நாள் காலை என்கிறது. ஏழு நாள் கழித்து அரசர் கொடுத்த உலோகத்தில் வார்த்த கலம்; எனக்கு மிகவும் பிடித்த சான்றும் அதுதான். ஆனால் அந்த நாள் ஆண்டுக்கு ஆறு முறை வரும். ஆண்டைப் பிடிக்க, கலத்தில் அதற்கு அடுத்து வரும் சொற்கள் வியாழன் கோளின் இருப்பைச் சொல்வதாக வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வாசிப்பை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. இந்த ஒரு போருக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் 44 கருத்துகள் இருந்தன.

விண்ணோக்கி:
அந்த 44-ஐயும் சலித்து ஒன்றுக்கு வந்ததுதான் திட்டத்தின் சாதனை. கார்பன் காலக்கணிப்பையும் சேர்த்தே பார்த்தார்கள்.

ஏட்டுப்புழு:
கார்பன் சில பத்தாண்டுகள் வரை குறுக்கித் தரும். அதற்குள் ஓர் ஆண்டைத் தேர்ந்தது வியாழன் வாசிப்பு. பாடநூலில் 1046 என்று அச்சிடும்போது முன்னால் "சுமார்" சேருங்கள், கையெழுத்திடுகிறேன்.