மறு: [கலைச்சொல்] ஆல்ஃபா சேனல் – ஞாயிறு கெடு

அனைவருக்கும் வணக்கம்.

படத்தொகுப்புச் செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பு ஞாயிறு இரவு போயாக வேண்டும். ஆல்ஃபா சேனல் வருகிற வரிகள் மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு அடுத்து, ஒவ்வொரு புள்ளியும் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்று எழுதிவைக்கும் நான்காவது சேனல் (தடம்) அது.

> ஒளிபுகு வாய்க்கால் என்றே வைக்கலாம். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். எட்டு பிட் படத்தில் (ஒவ்வொரு தடத்துக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு) ஆல்ஃபா 0 என்றால் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. 255 என்றால் பின்னால் இருப்பதை முழுக்க மறைத்துவிடும். 'ஒளிபுகு அளவு 255' என்று படிக்கிற பிள்ளை அதைக் கண்ணாடி என்றுதானே நினைக்கும்?

அதோடு, கேம் செய்பவர்கள் இந்தத் தடத்தை ஒளிபுகுதலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. சுவர், தரையின் மேல் ஒட்டும் படங்களில் (டெக்ஸ்ச்சர்) ஊடே தெரிய வேண்டியது எதுவும் இல்லை. அந்த நான்காவது தடத்தில் பளபளப்பையோ மேடுபள்ளத்தையோ எழுதிவைப்பார்கள். அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் சுவர் அரைகுறையாகத் தெரியும். படம் கெட்டுவிட்டது என்று ஆல்ஃபாவை நீக்கிச் சேமித்தால், விளையாட்டில் ஈரத்தரையின் மினுக்கம் போய்விடும். 'ஒளிபுகு' என்று நாமே பெயர் வைத்தால் அந்தத் தவறுக்கு வழிகாட்டியது நாம்தான்.

> பொருநராற்றுப்படையின் 'நோக்கு நுழைகல்லா நுண்மைய' அடியிலிருந்து 'நோக்குநுழை தடம்' எடுக்கலாம்.

ஐயா, அழகான அடி. ஆனால் அங்கே பார்வை நுழையவில்லை என்றல்லவா புலவர் சொல்கிறார்? இழை போகும் வழியைக் கண் பிரித்தறிய முடியாத நெசவு அது. ஊடே தெரிவதற்கு, பெரும்பாணாற்றுப்படையின் 'ஆவி அன்ன அவிர்நூல் கலிங்கம்' இன்னும் கிட்டத்தில் வரும்.

ஆல்ஃபா என்பது 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வின் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள் வைத்த பெயர். இரண்டு படங்களைக் கலக்கும் சமன்பாட்டில் இருந்த கிரேக்க எழுத்து, அவ்வளவுதான். கணக்கில் 'பை'யை அப்படியே வைத்திருக்கிறோமே. இதையும் 'ஆல்ஃபா தடம்' என்று விட்டுவிடலாம்.

'ஒளிபுகும்' வர வேண்டிய இடம் வேறு: பிஎன்ஜி (ஒரு படக்கோப்பு வகை) சேமிப்புப் பெட்டியில் 'ஒளிபுகும் புள்ளிகளின் நிறத்தையும் சேமி' என்ற தேர்வு. இலைப் படத்தில் விளிம்புக்கு வெளியே நிறம் கருப்பாகிப் போனால், விளையாட்டு படத்தைச் சுருக்கும்போது பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலக்கும். ஒவ்வோர் இலையைச் சுற்றியும் கரிக்கோடு விழும். அதைத் தடுக்கிற தேர்வு இது. தெளிவாக இருக்கட்டும்.

---

தம்பி, உங்கள் வாதம் சரி. ஆனால் 'ஆல்ஃபா' என்று எழுதாதீர்கள். குறிலுக்குப் பின், உயிரேறிய வல்லினத்துக்கு முன் வருவதுதான் ஆய்தம். ல் என்ற மெய்க்குப் பின் அதற்கு இடமேது? 'ஆல்பா' போதும். மறைப்பை அளக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் 'மறைப்புத் தடம்' என்றே ஏன் வைக்கக்கூடாது? வாய்க்காலைக் கைவிட்டதும் வருத்தம்தான். கால் என்றாலே நீர் ஓடும் வழி. அந்த ஒரு சொல்லே போதுமே.

---

'மறைப்பு' என்பதை மாஸ்க்குக்கு (படத்தின் ஒரு பகுதியை மூடிவைக்கும் கருவி) ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் ஐயா. ஒரே பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வரும்; பயனர் குழம்பிப்போவார். பெரும்பாலோர் ஆல்ஃபா தடத்துக்குச் சம்மதித்திருப்பதால் அதையே போட்டு அனுப்புகிறேன். உங்கள் மறுப்பைக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். ஆய்தத்துக்கு மட்டும் தனி இழை தொடங்குங்கள், அடுத்த பதிப்புக்குள் பேசிக்கொள்ளலாம்.